கண்ணாடிச் செருப்பு, கைபேசி, குரல்: சிண்ட்ரெல்லா இசைப்படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிண்ட்ரெல்லா கதையை இன்றைய அமெரிக்கப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்து, பாட்டும் நடனமுமாக எடுத்த படங்களை நான் பல வருடங்களாக அண்ணன் மகள்களோடு உட்கார்ந்து பார்த்துவருகிறேன். இந்தப் பேச்சை எடுத்தால் போதும், யாராக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். கடைசியில் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் எந்தப் படத்தின் முடிவையும் மறைக்கவில்லை.

எந்தெந்தப் படங்களைச் சொல்றீங்க? எல்லாம் ஒரே கதையோட தொடர்ச்சியா?

முக்கியமாக ஒரு வரிசை இருக்கிறது. 2004இல் ஹிலாரி டஃப் நடித்த 'எ சிண்ட்ரெல்லா ஸ்டோரி' வந்தது. அதன் பிறகு 2008இல் செலினா கோமெஸ் நடித்த 'அனதர் சிண்ட்ரெல்லா ஸ்டோரி', 2011இல் லூசி ஹேல் நடித்த 'ஒன்ஸ் அப்பான் எ சாங்', 2016இல் சோஃபியா கார்சன் நடித்த 'இஃப் தி ஷூ ஃபிட்ஸ்', 2019இலும் 2021இலும் இன்னும் இரண்டு என மொத்தம் ஆறு படங்கள். இவற்றோடு, டிஸ்னி பிளஸ்ஸில் 2022 மே மாதம் வெளியான 'ஸ்னீக்கரெல்லா'வையும் நான் சேர்த்துக்கொள்வேன். அது வேறு நிறுவனத்தின் தனிப் படம், ஆனால் செய்யும் வேலை ஒன்றுதான்.

தொடர்ச்சி எதுவும் கிடையாது. ஒவ்வொன்றிலும் புதுப் பெண், புது வீடு, புதுக் கொடுமைக்காரி. எதை வேண்டுமானாலும் முதலில் பார்க்கலாம்.

2004ல வந்ததுல யாருமே பாடலையே, அதை எப்படி இசைப்படம்னு சொல்றது?

சரியான கேள்வி. அது இசைப்படம் இல்லை. பின்னணியில் பாட்டு ஓடும், அவ்வளவுதான். பாத்திரங்கள் கதைக்குள்ளேயே பாடி ஆடத் தொடங்குவது 2008 படத்திலிருந்துதான்.

இரண்டுக்கும் நடுவில் 2006 ஜனவரியில் டிஸ்னி சேனலில் 'ஹை ஸ்கூல் மியூசிக்கல்' ஒளிபரப்பானது. பள்ளி வராந்தாவிலும் கூடைப்பந்து மைதானத்திலும் பிள்ளைகள் பாடினால் ரசிகர்கள் கூடவே பாடுவார்கள் என்பதை அந்தப் படம் காட்டிவிட்டது. சிண்ட்ரெல்லா வரிசை பாட்டுக்குத் திரும்பியதை அந்த அலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2008 படத்தில் கதாநாயகனாக வரும் ட்ரூ சீலி அந்த அலையிலிருந்தே வந்தவர். அவரைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூலக்கதை டிஸ்னியோடதுதானே? அதை மாத்தலாமா?

டிஸ்னியின் கார்ட்டூன் 1950இல் வந்தது. அதற்கு 250 வருடங்களுக்கு முன்பே, 1697இல், பிரான்சில் ஷார்ல் பெரோ எழுதிய கதையில் பூசணிக்காய் வண்டி, தேவதை, நள்ளிரவுக் கெடு, கண்ணாடிச் செருப்பு எல்லாம் இருக்கின்றன. கார்ட்டூன் பின்பற்றியது அவரைத்தான். அவருக்கும் முன்னால், 1630களில், இத்தாலியில் ஜாம்பாட்டிஸ்டா பசீலே இதே கதையை வேறு மாதிரி எழுதியிருக்கிறார். இன்னும் பின்னால் போனால் சீனாவில் 9ஆம் நூற்றாண்டில் பதிவான யே ஷியன் கதை. அதில் தேவதைக்குப் பதில் ஒரு மீனின் எலும்புகள் வரம் கொடுக்கின்றன, தொலைவது ஒரு தங்கக் காலணி.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் முதலில் அச்சிட்டு, பிறகு திருத்தி வெளியிட்ட கதை இன்னொரு கிளை. அங்கே பூசணிக்காயும் இல்லை, தேவதையும் இல்லை. அம்மாவின் கல்லறையில் மகள் நட்ட மரமும் அதில் வந்து உட்காரும் பறவையும்தான் உடை கொடுக்கின்றன. 1893இல் மேரியன் ரோல்ஃப் காக்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இந்தக் கதையின் 345 வடிவங்களைத் திரட்டி ஒரு புத்தகமே போட்டார். ஆகவே மாற்றலாமா என்று கேட்டால், மாறி மாறித்தான் இந்தக் கதை இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பேன்.

கண்ணாடிச் செருப்பு எங்கே போச்சு? அது இல்லாம சிண்ட்ரெல்லாவா?

செருப்பின் வேலை என்ன என்று முதலில் பார்ப்போம். விருந்தில் பார்த்த அழகியும் அடுப்படியில் கிடக்கும் பெண்ணும் ஒருத்திதான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு அவளிடமிருந்து ஏதோ ஒன்று தொலைய வேண்டும், அது வேறு யாருக்கும் பொருந்தக்கூடாது. இந்த இரண்டும் நடந்தால் போதும், அது எந்தப் பொருளாகவும் இருக்கலாம். 1817இல் ரோம் நகரில் அரங்கேறிய ரொசினியின் 'லா செனெரென்டோலா' என்ற இசை நாடகத்திலேயே செருப்பு கிடையாது. அவள் ஒரு ஜோடிக் காப்பில் ஒன்றை இளவரசனிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள், மற்றதைக் கையில் போட்டிருப்பவளைத் தேடி அவன் வர வேண்டும்.

2004 படத்தில் அவள் ஓடும்போது தவறவிடுவது கைபேசி. 2008 படத்தில் பாட்டுக் கேட்கும் கருவி, மைக்ரோசாஃப்ட்டின் ஸூன். இந்த வரிசையிலேயே எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான். பையன் அந்தக் கருவியை வைத்துக்கொண்டு, இதில் அதிகமாகக் கேட்கப்பட்ட பாடல்கள் எவை என்று சொல்லும் பெண்தான் நான் தேடுபவள் என்கிறான். பள்ளியில் இருக்கும் பெண்கள் எல்லாம் வந்து ஊகித்துப் பார்க்கிறார்கள். பாதத்தின் அளவு இருந்த இடத்தில் ரசனை வந்து உட்கார்ந்துவிட்டது. ஸூன் 2011இலேயே நின்றுபோனதால் இப்போது பார்க்கும் பிள்ளைகளுக்கு அது என்னவென்று சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஒருத்தி தனியாக இருக்கும்போது எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்பதை வைத்து அவளைக் கண்டுபிடிப்பது என்ற யோசனை பழையதாகவில்லை.

2011 படத்தில் பொருளே தேவைப்படவில்லை. அங்கே குரல்தான் செருப்பு. இசைப்படம் என்ற வடிவத்துக்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

செருப்பு கண்ணாடியே இல்லையாமே? மொழிபெயர்ப்புத் தப்புன்னு படிச்சேன்

பிரெஞ்சில் கண்ணாடிக்கும் ஒரு வகை அணில் மென்மயிருக்கும் உரிய சொற்கள் காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும். ஆகவே மென்மயிர்ச் செருப்புதான் கண்ணாடிச் செருப்பாகிவிட்டது என்று 19ஆம் நூற்றாண்டில் நாவலாசிரியர் பால்சாக் உட்படச் சிலர் சொன்னார்கள். ஆனால் பெரோவின் 1697 பதிப்பில் கண்ணாடி என்றுதான் அச்சாகியிருக்கிறது. கண்ணாடி வளையாது, நீளாது. வேறொரு காலை அதில் திணிக்க வழியே இல்லை. கதைக்கு அதுதானே வேண்டும்?

ஒரு சின்ன முகமூடி போட்டா ஆளே தெரியாதா? நம்பவே முடியலையே

அதிகமாக வரும் புகார் இதுதான். 2004 படத்தில் கண்ணை மட்டும் மறைக்கும் வெள்ளை முகமூடி ஒன்றுதான் அவள் போட்டிருப்பாள். தினமும் அதே பள்ளியில் பார்க்கிற பையனுக்கு அது யாரென்று தெரியவில்லை.

ஆனால் அவன் அவளை முன்பும் பார்த்ததில்லை என்பதுதான் அந்தக் கதை. அவள் உணவகத்தில் மேசை துடைக்கிறவள், அவன் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியின் நாயகன். அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது அவன் தட்டைப் பார்த்தான். பெரோவின் கதையிலும் சிண்ட்ரெல்லா விருந்தில் தன் சகோதரிகள் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுகிறாள், அவர்களுக்கும் அடையாளம் தெரிவதில்லை. அங்கே முகமூடிகூட இல்லை. ஒரே வீட்டில் வேலை வாங்கியவர்களே அவள் முகத்தை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்படி எடுத்துக்கொண்டால் முகமூடிக் காட்சி கொஞ்சம் வலிக்கவும் செய்யும்.

இசைப்படத்தில் இன்னொரு வசதியும் உண்டு. முகத்தை மறைத்தால் பார்க்கிறவனுக்கு மிஞ்சுவது அசைவும் ஒலியும்தான். அதனால்தான் 2008 படத்தில் முகமூடி விருந்தில் பேச்சைவிட நடனம் அதிகம்.

அப்போ தேவதை யாரு?

படத்துக்குப் படம் மாறும். 2004இல் உணவகத்தில் வேலை செய்யும் ராண்டா (ரெஜினா கிங்). 2008இல் உடன் படிக்கும் தோழி. ரொசினியின் நாடகத்தில்கூட மந்திரம் கிடையாது, இளவரசனின் ஆசான்தான் அவளை விருந்துக்கு அனுப்புகிறார். 'ஸ்னீக்கரெல்லா'வில் மட்டும் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரியவர் உண்மையிலேயே கொஞ்சம் மந்திரம் போடுகிறார். எனக்கு மந்திரம் இல்லாத தேவதைகளைத்தான் பிடிக்கும். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு பெண், தன்னைவிடச் சின்னவள் ஒருத்திக்காக முதலாளியை எதிர்த்து நிற்பது எந்த மந்திரக்கோலுக்கும் குறைந்ததில்லை.

நள்ளிரவு 12 மணி கட்டாயமா?

இல்லை. அது பெரோ வைத்த கெடு. கிரிம்மின் பிந்தைய பதிப்புகளில் விருந்து மூன்று நாள் நடக்கிறது, அவள் நினைத்த நேரத்தில் கிளம்பிவிடுகிறாள். பதின்ம வயதுப் படங்களில் கெடுவுக்குக் காரணம் பெரும்பாலும் எளிமையானது. வீட்டில் ஆள் வருவதற்குள் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

நடிக்கிறவங்களேதான் பாடுறாங்களா?

இந்த வரிசையில் பெரும்பாலும் ஆம். பாடத் தெரிந்தவர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். செலினா கோமெஸ் தன் பாடல்களைத் தானே பாடினார். லூசி ஹேல் நடிப்புக்கு வருவதற்கு முன்பே, 2003இல், 'அமெரிக்கன் ஜூனியர்ஸ்' என்ற சிறுவர் பாட்டுப் போட்டியில் வென்ற ஐந்து பேரில் ஒருவர். குரலே கதையாக இருக்கும் படத்துக்கு அவரை எடுத்தது நல்ல முடிவு.

மேலே சொன்ன ட்ரூ சீலி விஷயத்துக்கு வருகிறேன். 'ஹை ஸ்கூல் மியூசிக்கல்' முதல் படத்தில் அதன் கதாநாயகன் ஸாக் எஃப்ரான் வாயசைத்த பாடல்களில் பெரும்பங்கு சீலியின் குரல், எஃப்ரானின் குரலும் கலந்திருந்தது. இரண்டாம் படத்திலிருந்து எஃப்ரானே பாடினார். பின்னணிப் பாடகர் என்ற ஏற்பாட்டோடு வளர்ந்த நமக்கு இதில் எந்த அதிர்ச்சியும் இருக்காது. யார் பாடினார் என்பது பாட்டோடு சேர்ந்தே நமக்குத் தெரிந்துவிடும். ஆனால் முகமும் குரலும் ஒருவருடையதாகவே இருக்கும் என்று நம்பிப் பார்க்கும் ரசிகர்களுக்கு அது பெரிய செய்தி. இன்னொருவர் முகத்துக்குப் பின்னால் பாடியவர், இரண்டு வருடம் கழித்து சிண்ட்ரெல்லா படத்தில் தன் முகத்தோடு நாயகனாக வந்து நின்றார். எனக்கு அது நிறைவாக இருந்தது.

2011 படத்துல ஒருத்தி குரலை இன்னொருத்தி திருடுறா. அது சிண்ட்ரெல்லா கதையே இல்லையே?

முதல்முறை பார்த்தபோது எனக்கும் இதே குழப்பம்தான். கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேட்டி நன்றாகப் பாடுவாள், பாட்டும் எழுதுவாள். மாற்றாந்தாய் கெயில் நடத்தும் கலைப்பள்ளியில் அவளுக்கு வேலைதான் உண்டு, படிப்பு இல்லை. இசைத்தட்டு நிறுவனத் தலைவரின் மகன் லூக் அவள் குரலைக் கேட்டு மயங்குகிறான், யாருடையது என்று தெரியாது. கெயில் அது தன் மகள் பெவ் பாடியது என்று சொல்லிவிட்டு, மறைவில் நின்று பெவ்வுக்காகப் பாடும்படி கேட்டியை மிரட்டுகிறாள்.

இப்போது கிரிம் கதைக்குப் போங்கள். இளவரசன் செருப்போடு வந்ததும் அம்மா கத்தியை எடுத்துக் கொடுக்கிறாள். ஒருத்தி கட்டைவிரலை வெட்டிக்கொண்டு செருப்புக்குள் காலை நுழைக்கிறாள், அடுத்தவள் குதிகாலை. இளவரசன் ஏமாந்து குதிரையில் ஏற்றிக்கொண்டும் போகிறான். மரத்திலிருக்கும் புறாக்கள் செருப்பில் ரத்தம் என்று பாடிய பிறகுதான் திரும்பிப் பார்க்கிறான். பொய்யான மணப்பெண் என்ற இந்தப் பகுதியை பெரோ எழுதவில்லை, அதனால் டிஸ்னி வழியாக வந்தவர்களுக்குத் தெரிவதில்லை. பெவ் மேடையில் வாயசைப்பது, பொருந்தாத செருப்புக்குள் காலைத் திணிப்பதேதான். அம்மாவின் வற்புறுத்தல் உட்பட எல்லாம் அப்படியே இருக்கிறது. கத்தியும் ரத்தமும் மட்டும் ஒலிபெருக்கியும் வாயசைப்புமாக மாறியிருக்கின்றன. கடைசியில் மேடையிலேயே குட்டு உடைவதுதான் புறாக்களின் பாட்டு. செருப்புக்குப் பதில் குரல் என்று முன்பு சொன்னேனே, அந்த மாற்றம் இந்த இடத்தில்தான் முழுமையாகிறது. என்னைக் கேட்டால், இந்த வரிசையில் பழைய கதைக்கு மிக நெருக்கமாகப் போனது 2011 படம்தான்.

அதே படத்துல பாலிவுட் விருந்து, ஆன்மிக குரு எல்லாம் வருதே. நம்மளைக் கேலி பண்றாங்களா?

இதைப் பூசி மெழுக விரும்பவில்லை. அந்தப் படத்தில் முகமூடி விருந்துக்குப் பதில் பாலிவுட் பாணி விருந்து. புடவையும் பொட்டும் முக்காடும் அங்கே மாறுவேடத்துக்கான பொருட்கள். கெயிலுக்கு ஆன்மிக ஆலோசகராக ஓர் இந்தியப் பாத்திரம் முழுக்க நகைச்சுவைக்காக வைக்கப்பட்டிருக்கிறது. கெட்ட எண்ணம் தெரியவில்லை, ஆனால் அக்கறையும் தெரியவில்லை. என் அண்ணனின் மூத்த மகள் அந்த இடத்தில் "அத்தை, இது நம்ம டிரெஸ்ஸா?" என்று சங்கடமாகக் கேட்டாள். நான் படத்தை நிறுத்திவிட்டு அவளோடு பேசினேன்.

என்னை உறுத்துவது இன்னொன்று. அந்தப் பாத்திரத்தில் நடித்த மனு நாராயண், ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' என்ற இசை நாடகம் 2004இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்கு வந்தபோது அதில் கதாநாயகனாகப் பாடி நடித்தவர். குரலைப் போற்றும் ஒரு படம் அவரைப் போன்ற ஒருவரை இன்னும் நன்றாகப் பயன்படுத்தியிருக்கலாம்.

சிண்ட்ரெல்லா ஏன் எப்பவும் பொண்ணு? பையனா இருந்தா என்ன ஆகும்?

'ஸ்னீக்கரெல்லா' அதைத்தான் செய்து பார்க்கிறது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருக்கும் எல் (சோசன் ஜேகப்ஸ்) இறந்துபோன அம்மாவின் செருப்புக் கடையில், மாற்றாந்தந்தைக்கும் அவர் பிள்ளைகளுக்கும் அடங்கி வேலை செய்கிறான். அவன் தேடுகிற இளவரசி கிரா கிங் (லெக்ஸி அண்டர்வுட்), ஒரு முன்னாள் கூடைப்பந்து நட்சத்திரத்தின் மகள். அந்தத் தந்தையாக நடித்த ஜான் சாலி அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் நான்கு முறை பட்டம் வென்ற அணிகளில் உண்மையிலேயே ஆடியவர்.

இங்கே ஒரு நல்ல திருப்பம் இருக்கிறது. படிக்கட்டில் தவறிய ஷூ, எல் தானே வரைந்து உருவாக்கியது. பழைய கதையில் செருப்பு யாரோ கொடுத்தது. இங்கே அது அவன் கைவேலை. காலுக்குப் பொருந்துகிறதா என்பதைவிட, இதைச் செய்தவன் யார் என்பதே கேள்வியாகிறது. 2008 படத்தின் பாட்டுப் பட்டியலும் 2011 படத்தின் குரலும் போகும் அதே திசைதான்.

எப்படி மாத்தினாலும் ஒரு பையன் வந்துதானே காப்பாத்துறான்? பொண்ணுங்களுக்கு இதைக் காட்டலாமா?

வயதைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றும் இல்லை. முத்தமும் கிண்டலும் உண்டு, வன்முறை கிடையாது. கருத்து பற்றிய கேள்விதான் கடினம்.

இந்தப் பெண்கள் யாரும் கல்யாணத்துக்காகக் காத்திருப்பதில்லை. 2004 படத்தின் சாம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டும் என்கிறாள், 2008 படத்தின் மேரி ஆட வேண்டும் என்கிறாள், கேட்டி பாட வேண்டும் என்கிறாள். இது பெரிய மாற்றம். ஆனாலும் கேட்டியின் கதவைத் திறப்பவன் நிறுவன முதலாளியின் மகன். கிரீடம் போய் ஒப்பந்தம் வந்திருக்கிறது, கொடுக்கிற இடத்தில் இருப்பவன் மாறவில்லை. இதை நான் குறையாகத்தான் பார்க்கிறேன். அதே சமயம் அவன் அவளுக்குக் குரலைக் கொடுக்கவில்லை, கேட்டான். கேட்கப்படாமல் இருந்தவள் கேட்கப்படுவது என்பதை ஒரு பதிமூன்று வயதுப் பெண் பார்க்கட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

எங்க வீட்டுலயே ரெண்டாவது அம்மா இருக்காங்க. குழந்தை மனசுல தப்பா பதியாதா?

பதியலாம், அதனால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கிரிம் சகோதரர்களின் முதல் பதிப்பில் ஹான்சல், கிரெட்டல் கதையிலும் ஸ்னோ ஒயிட் கதையிலும் பிள்ளைகளைத் துரத்துவது பெற்ற தாய்தான். பிந்தைய பதிப்புகளில் அவளை மாற்றாந்தாயாக மாற்றிவிட்டார்கள். பெற்றவளைக் கெட்டவளாகக் காட்ட மனம் வராமல் பழியை இன்னொருத்தி தலையில் வைத்தார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னால் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள்.

இந்தப் படங்களில் ஜெனிஃபர் கூலிட்ஜ், ஜேன் லிஞ்ச், மிஸ்ஸி பைல் போன்ற தேர்ந்த நகைச்சுவை நடிகைகள் அந்த வேடத்தைச் செய்வதால் பயத்தைவிடச் சிரிப்புதான் வரும். தண்டனையும் லேசானது. கிரிம்மின் பிந்தைய பதிப்புகளில் புறாக்கள் சகோதரிகளின் கண்ணைக் கொத்துகின்றன, 2004 படத்தில் மாற்றாந்தாய் அதே உணவகத்தில் வேலை செய்ய வேண்டியதாகிறது.

ஒண்ணுதான் பார்க்க நேரம் இருக்கு. எதைப் பார்க்கட்டும்?

நடனம் பிடிக்கும் என்றால் 2008, கூட ஒரு பையனும் உட்கார்ந்து பார்க்கப்போகிறான் என்றால் 'ஸ்னீக்கரெல்லா', பாட்டு பிடிக்கும் என்றால் 2011. கடைசியாகச் சொன்னதைத் தேர்ந்தெடுத்தால், விருந்துக் காட்சி பற்றி மேலே சொன்னதை முதலில் பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள். பெவ் வாயசைக்கும்போது மேடையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள்.